முப்பத்தேழாம் எண்ணின் முகம்

"உங்க அக்காவுக்குக் கன்னத்துல குழி விழும்னு நீ சொல்லவே இல்லையேம்மா" என்று தரகர் கேட்டபோது, வாயிலிருந்த தண்ணீரை விழுங்க மறந்துவிட்டேன். சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. அவர் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி கைப்பேசியை நெற்றிக்கு நேராகப் பிடித்து, வாங்கப்போகிற சாமானில் கீறல் தேடுகிறவரைப் போல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கன்னத்தில் குழி கிடையாது. முப்பத்தெட்டு வருடமாகக் கிடையாது. இந்த வாரத்தில் புதிதாக விழுந்திருந்தால் ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரிந்திருக்கும்.

"எந்தப் படம் சார்?"

"முப்பத்தேழு. சிரிச்ச படத்துல ஆளே மாறித் தெரியறாங்க. நம்ம லிஃப்ட் மெக்கானிக்குக்கு செவ்வாய்க்கிழமை அனுப்பினோமே. அரை மணி நேரத்துல, பார்க்கணும்னு பதில் போட்டுட்டாரு மனுஷன். நாளைக்கு நாலு மணி, காபிக் கடை. அக்கா ரெடிதானே?"

கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். எனக்கு யாரென்றே தெரியாத ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கன்னத்திலும் குழி. படத்துக்குக் கீழே நான் திங்கட்கிழமை என் கையால் வைத்த பெயர்: 37, வயது 38, மூக்குக் கண்ணாடிக் கடை.

அக்கா ரெடிதான். அதுதான் தொல்லை. இந்தக் கல்யாணத் தகவல் நிலையம் தொடங்கிய மாதத்திலேயே அவளைப் பதிவு செய்தோம். ஆறு வருடத்தில் எண்கள் நானூற்றுப் பன்னிரண்டு வரை வந்துவிட்டன. முப்பத்தேழு மட்டும் நகரவில்லை. "பார்த்துட்டுச் சொல்றோம்" என்றவர்கள் பதினாலு பேர். அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் போல. இந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதல்முறையாக ஒருவர், யாரும் பேரம் பேசாமல், தானாக வந்து கேட்டிருந்தார். செய்தியைச் சொன்னதும் அக்கா "சரி" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் புதுச் செருப்போடு வந்தாள். வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவும்போது ஏதோ ஒரு பாட்டை மெட்டில்லாமல் முனகினாள். அவள் முனகி நான் கேட்டதே இல்லை.

தரகர் முன்பு பழைய கார் விற்றவர். அந்தத் தொழிலை விட்டாரே தவிர, அதன் பேச்சை விடவில்லை. ஓடின கிலோமீட்டரை முதலிலேயே சொல்லாதே, கதவைத் திறந்து உட்கார வைத்துவிட்டுச் சொல் என்பார். பெண்களின் படங்கள் எல்லாம் 1, 2, 3 என்று வெறும் பதிவு எண்ணோடு கணினியில் கிடப்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. படத்தை அனுப்பினால் அதோடு வயதும் வேலையும் பெயரிலேயே போக வேண்டும், வாங்குகிறவன் திரும்பிக் கேட்கக் கூடாது என்றார். ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பெயர் மாற்றினேன். ஒரு பகலில் நாற்பதுதான் முடிந்தது, கைமணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. அப்புறம்தான் எக்செல் வழியைப் பிடித்தேன். ஒரு பத்தியில் பழைய பெயர்கள், பக்கத்துப் பத்தியில் புதுப் பெயர்கள், மூன்றாவதில் இரண்டையும் கோத்து 'இதை அதாக மாற்று' என்று ஒரு வரி. நாற்பதையும் பழையபடி எண்ணுக்கே திருப்பி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் நகலெடுத்து ஒரு கோப்பில் போட்டு இரண்டு முறை தட்டினால் போதும். கறுப்புத் திரை ஒன்று திறந்தது, எழுத்துகள் மழை மாதிரி ஓடின, மூடிக்கொண்டது. மூன்று நொடி. நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். தரகர் எட்டிப் பார்த்து, "எல்லாம் மாறிடுச்சா? பலே" என்றார். முதல் படத்தைத் திறந்தேன். ஒன்றாம் எண், தரகருடைய சித்தப்பா மகள். சரியாக இருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

எங்கள் அப்பா பழைய மேஜை நாற்காலி வியாபாரம் செய்தவர். எந்த நாற்காலியையும் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்காமல் விலையே கேட்க மாட்டார். விற்கிறவன் முகம் சுண்டினாலும் கவிழ்ப்பார். அவர் மகள் நானூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்றை மட்டும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தரகர் சாப்பிடப் போனதும் அந்த எக்செல் ஷீட்டைத் திறந்தேன். உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே பார்த்தேன். தப்பு இரண்டாவது வரியிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பதிவேட்டைப் பார்த்து வைத்த புதுப் பெயர்கள் 1, 2, 3 என்று மனிதர்கள் எண்ணுகிற வரிசையில் இறங்கியிருந்தன. கோப்புகளின் பெயர்களை நான் கணினியிடம் பட்டியலாகக் கேட்டு வாங்கியிருந்தேன். அது எழுத்து வரிசையில் கொடுத்திருந்தது. ஒன்றுக்கு அடுத்து பத்து, அதற்கடுத்து நூறு, நூற்றொன்று, நூற்றிரண்டு. இரண்டு பத்திகளும் நீளத்தில் துல்லியமாகச் சமம் என்பதால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. இரண்டாம் எண்ணுக்குப் பத்தாவது ஆளின் முகம். மூன்றாம் எண்ணுக்கு நூறாவது ஆள். விரலை வைத்து இறங்கினேன். முப்பத்தேழாவது வரியில் நூற்று முப்பத்தொன்று நின்றது.

செவ்வாயிலிருந்து வெள்ளிவரை ஐம்பத்திரண்டு பேருக்குப் படம் போயிருந்தது. தரகர் திரும்பி வந்ததும், பல்குச்சியை அவர் வாயிலிருந்து எடுப்பதற்குள் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் பல்குச்சியை மேஜை ஓரத்தில் வைத்தார்.

"திருப்பி மாத்த முடியுமா?"

"பத்தியை இடம் மாத்திப் போட்டா பழையபடி ஆயிடும். அப்புறம் சரியா மாத்திடலாம். ஆனா அவங்க போன்ல இருக்கிறதை மாத்த முடியாது சார்."

"மாத்த வேண்டாம். 'சமீபத்தில் எடுத்த புதுப் படம்'னு போட்டுச் சரியானதை எல்லாருக்கும் அனுப்பு. போட்டோவும் நேர்ல ஆளும் வேறங்கிறது உலக வழக்கம்தானேம்மா, யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க." எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "முப்பத்தேழுக்கு மட்டும் அனுப்பாதே."

"சார்?"

"மெக்கானிக் நாளைக்கு வர்றாரு. வந்து உட்காரட்டும். உட்கார்ந்தப்புறம் எந்திரிச்சுப் போறது அவ்வளவு சுலபமில்ல. உங்க அக்கா நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இதில் கேவலம் என்னவென்றால், அவர் சொல்வதற்கு முன்பே அதே கணக்கை நானும் போட்டிருந்தேன். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம்.

பத்திகளை இடம் மாற்றினேன். கறுப்புத் திரை வந்து போனது. வரிசையைச் சீர்செய்து மறுபடி ஓட்டினேன். இந்தமுறை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன், நானூற்றுப் பன்னிரண்டையும். முப்பத்தேழைத் தவிர மற்றதை எல்லாருக்கும் அனுப்பினேன். பிறகு கை சும்மா இருக்காமல், அக்காவின் முகம் எங்கே போயிருந்தது என்று பழைய ஷீட்டில் தேடினேன். முந்நூற்றொன்றாம் வரி. வயது 29, பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. முந்நூற்றொன்று யாருக்கெல்லாம் போனது என்று தரகரின் குறிப்பேட்டில் பார்த்தேன். ஆறு பேருக்கு அனுப்பியிருந்தார். நான்கு பேர் நேரில் பார்க்கக் கேட்டிருந்தார்கள். ஒருவர், 'முகத்தில் நல்ல அமைதி' என்று எழுதியிருந்தார். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதே முகம். அதே படம், போன வருடம் நான் மொட்டைமாடியில் நிற்க வைத்து எடுத்தது. இந்த முகத்தைத்தான் தரகர், "கொஞ்சம் கண்டிப்பான முகம்மா, என்ன பண்றது" என்று ஆறு வருடமாக உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். அக்காவும் நம்பினாள், நானும் நம்பினேன். சரக்கில் குறையே இல்லை. தொங்கவிட்ட சீட்டில்தான் இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் மெக்கானிக்கின் எண்ணுக்கு மூன்று முறை செய்தி எழுதி மூன்று முறையும் அழித்தேன். அக்கா நாளைக்கு உடுத்தப்போகிற துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அறைக்கும் சமையலறைக்கும் நடந்தேன், குழாயைத் திறந்து மூடினேன், ஒழுங்காக இருந்த டப்பாக்களை ஒழுங்காக அடுக்கினேன். "என்னடி, பூனை மாதிரி சுத்தற?" என்றாள். "ஒண்ணுமில்ல, கால் மரத்துப் போச்சு" என்றேன். மரத்துப்போன காலோடு யாரும் அவ்வளவு நடக்க மாட்டார்கள்.

ஞாயிறு மூன்றரைக்குக் கிளம்பினோம். காபிக் கடை நான்கு தெரு தள்ளி. முதல் தெருவில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அது முடிந்தது. இரண்டாவது தெருவில் அவள் செருப்பு கடிக்கிறது என்று நின்று வாரைத் தளர்த்தினாள். குனிந்திருந்தபோது சொல்வது சரியில்லை என்று விட்டேன். மூன்றாவது தெரு முனையில், சிக்னலுக்குக் காத்திருந்தபோது, அவளே திரும்பினாள்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து உனக்கு நிலைகொள்ளல. என்னன்னு சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். பத்து, நூறு, நூற்றொன்று, தரகர் பேசியது, நான் அனுப்பாமல் விட்டது. பச்சை விளக்கு எரிந்து, கூட வந்தவர்கள் கடந்து போய், மறுபடி சிவப்பு விழுந்தது. அக்கா நகரவில்லை.

"அந்தப் பொண்ணு கண்ணாடி போட்டிருக்காளா?"

"இல்ல."

"அப்பவே அந்த மனுஷனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாம்? கண்ணாடிக் கடைன்னு எழுதியிருக்கு." தன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக ஊரார் மூக்கிலெல்லாம் கண்ணாடிச் சட்டம் பொருத்துகிறவள். "என் மூஞ்சி யாருக்குப் போச்சு?"

"இருபத்தொம்பது வயசுப் பொண்ணுக்கு. மியூசிக் டீச்சர்."

"அவளை எத்தனை பேர் கேட்டாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "நாலு பேர்."

"நாலு பேரா" என்றாள், நினைத்ததைவிட மலிவாக விலை சொல்லப்பட்டதும் சரக்கையே சந்தேகப்படுகிறவளின் குரலில். மூக்கை ஒரு விரலால் தொட்டாள். "ஆறு வருஷமா கண்ணாடியில பார்க்கறப்பல்லாம் இந்த மூக்கைத் திட்டினேன்டி. அது பாவம், பேசாம இருந்திருக்கு."

"திரும்பிப் போயிடலாம்க்கா. உடம்பு சரியில்லைன்னு நான் போன் பண்ணிடறேன்."

"ஒருத்தரை வரச்சொல்லி உட்கார வெச்சுட்டு? நல்லா இருக்கு நியாயம்." பச்சை விழுந்தது. "நீ உள்ள வராதே. வந்தா உன் கால் ஆடறதைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துடும்."

நான் எதிர்ப்பக்கத்து மூடிய கடையின் ஷட்டரில் சாய்ந்து நின்றேன். காபிக் கடைக்கு முன்பக்கம் முழுவதும் கண்ணாடிச் சுவர். லிஃப்ட் மெக்கானிக் சீக்கிரமே வந்திருந்தார். ஜன்னலோர மேஜை, கசங்காத சட்டை, நகத்தோரம் தேய்த்தும் போகாத கிரீஸ் கறை இருக்குமென்று நானாக நினைத்துக்கொண்டேன். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார், மேஜைமேல் இருக்கும் கைப்பேசியைப் பார்ப்பார், மறுபடி குனிந்துகொள்வார். அக்கா உள்ளே போனபோதும் நிமிர்ந்தார், பார்த்தார், குனிந்துகொண்டார். அவருக்கு வரவேண்டியவள் அவள் இல்லை.

அக்கா நேராகப் போய் அவர் மேஜைமுன் நின்றாள். அவர் எழுந்தார். அவள் ஏதோ சொன்னாள். அவர் கைப்பேசியை எடுத்தார், அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு பேருந்து குறுக்கே வந்து நின்றது. இறங்குகிறவர்கள் எல்லாரும் எதற்கு இவ்வளவு மெதுவாக இறங்குகிறார்கள்? அது நகர்ந்தபோது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா விரலால் மேஜைமேல் எதையோ எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று, பத்து, நூறு. அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க, அவருடைய மூக்குக் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்தது. தள்ளிவிட்டார். மறுபடி சரிந்தது. கடைசியில் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். என்ன சொல்வதென்று தெரியாத ஆண்கள் எல்லாரும் எதையாவது துடைப்பார்கள்.

அக்கா கையை நீட்டினாள். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, கொடுத்தார். அவள் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, எந்தக் கால் கோணியிருக்கிறது என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இடது காலைக் கட்டைவிரலால் மெல்ல வளைத்தாள், பார்த்தாள், இன்னும் கொஞ்சம் வளைத்தாள். கைப்பேசியின் திரை தானாக அணைந்திருந்தது. அவர் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கி, எதிரே இருப்பவளை நோக்கிக் காத்திருந்தார்.