பத்தியத் தோட்டா

ஷார்ஜா தொழில்பேட்டையில் நான் இருபத்தெட்டு வருடமாக இரும்புப் பட்டறை நடத்துகிறேன். ஊரிலும் சரி, இங்கும் சரி, சோலையப்பன் என்ற பேருக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை யாரும் எனக்குத் தானமாகக் கொடுக்கவில்லை.

நகரத்தைத் தாண்டிப் பாலைவனச் சாலையில் முஆத் என்பவர் ஒரு சுடும் மன்றம் நடத்துகிறார். அவருடைய அப்பா தொடங்கிய இடம் அது. குண்டுகளைத் தாங்கும் இரும்புத் தகடுகள், இலக்கு அட்டைகளை மாட்டும் சட்டங்கள் எல்லாம் என் பட்டறையில் செய்தவை. அந்தப் பழக்கத்தில் நானும் உறுப்பினரானேன். சனிக்கிழமை காலைகளில் போவேன். மற்றவர்கள் சின்னத் துப்பாக்கிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் எடுப்பது பெரிய ரிவால்வர், நாற்பத்துநாலு மேக்னம். அது ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் உள்ளங்கையில் சம்மட்டியால் அடித்தது போல இருக்கும். வாலிபப் பையன்கள் ஆறு சுட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு போவார்கள். என் வயதில் அதைத் தொடுகிறவர் அங்கே வேறு ஒருவரும் இல்லை.

அந்தத் தோட்டாக்கள் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் முஆத் அங்கேயே ஒரு அறையில் மறுபடி நிரப்பும் இயந்திரம் வைத்தார். சுட்டபின் விழும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கழுவி, புது வெடிமருந்தும் ஈயக் குண்டும் வைத்து அழுத்திவிட்டால் பாதி விலையில் புதுத் தோட்டா. நிதானமான, கைசுத்தமான ஆள் வேண்டும் என்று அவர் கேட்டபோது மணிமாறனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். என் தங்கை சீதாலட்சுமியின் மகன். என் மகள் நாகஜோதிக்கு முறைப்பையன். தை பிறந்ததும் இருவருக்கும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தோம்.

போன வருடம் பட்டறை ஏணியிலிருந்து சறுக்கியதில் வலது மணிக்கட்டில் அடிபட்டது. வீட்டில் தண்ணீர்க் குடுவையைத் தூக்கினால் கை நடுங்கும். ஜோதி ஒருநாள் பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டலாம்பா, ப்ளீஸ்" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ரம்ஜான் மாதம் முழுக்க மன்றத்துப் பக்கம் போகவில்லை. மறுபடி போய்ச் சுட்டபோது ஆச்சரியமாக இருந்தது. கை தாங்கியது. ரிவால்வர் முன்போல மேலே துள்ளவில்லை. உடம்பு திரும்பிவிட்டது என்று நம்பினேன். பிறகு ஒற்றைக் கையால் சுட ஆரம்பித்தேன். முஆத் அதை வீடியோ எடுத்துத் தன் நண்பர்களுக்குக் காட்டினார். விருந்தினர் வந்தால் என்னைத்தான் முதலில் அறிமுகப்படுத்துவார்.

அன்றும் அப்படித்தான். முஆத்தின் உறவினர்கள் நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். துபாய் அல் குசைஸில் காண்டிராக்ட் எடுக்கும் விஜயபாஸ்கரும் வந்திருந்தார். என் தொழிலில் எனக்குப் போட்டி. அவரும் பெரிய ரிவால்வர் சுடுகிறவர்தான். நான் ஒற்றைக் கையால் ஆறும் சுட்டேன், விருந்தினர் கைதட்டினார்கள். விஜயபாஸ்கரின் பெட்டியில் தோட்டா தீர்ந்திருந்தது. "நம்ம பெட்டியில எடுத்துக்குங்க" என்று என் பெட்டியை நீட்டினேன்.

அறைக்குள்ளிருந்து மணிமாறன் ஓடிவந்தான்.

"சார், அது வேண்டாம். உங்களுக்கு வேற பெட்டி எடுத்துத் தர்றேன்."

"ஏண்டா, நான் குடுத்ததைத் தட்டிப் பறிக்கிறியா?" என்றேன்.

"இல்ல மாமா, அது வந்து பழைய லாட்டு..."

"போய் உன் வேலையைப் பாரு."

அவன் போகவில்லை. சுவரோரமாக நின்றான். விஜயபாஸ்கர் ஒன்று சுட்டார். நின்று ரிவால்வரைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று சுட்டார். காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"பெரியவரே, இது என்ன, பேத்திக்கு வாங்கின தீபாவளித் துப்பாக்கியா?"

எனக்குப் புரியவில்லை. அவர் மூன்றாவதை இரண்டு விரலால் எடுத்து முஆத்திடம் காட்டி இந்தியில் ஏதோ சொன்னார். பிறகு மணிமாறனைப் பார்த்தார்.

"தம்பி, எங்களுக்கெல்லாம் முழுச் சாப்பாடு. உங்க மாமாவுக்கு மட்டும் பத்தியமா? உப்பும் இல்ல, காரமும் இல்ல."

விருந்தினருக்கு இந்தியில் விளக்கிச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் என்னைப் போலவே ஒற்றைக் கையை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, வாயால் 'டுப்' என்று சத்தம் செய்தான். முஆத் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார். அவருடைய மரியாதை எனக்கு அவர்கள் சிரிப்பைவிட அதிகமாகச் சுட்டது.

"மாறா, இங்க வா" என்றேன். வந்தான்.

"எத்தனை நாளா?"

"மாமா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"எத்தனை நாளா?"

"ரம்ஜானுக்கு அப்புறம்."

ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் நான் கையை நீட்டிக்கொண்டு நின்று கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

"யாரு சொல்லி இதைச் செஞ்சே?"

"யாரும் சொல்லல. நானேதான். உங்க கை ஆடுறதைப் பார்த்தேன். மருந்தைக் கொஞ்சம் குறைச்சா உதை குறையும், நீங்களும் வந்து போய்க்கிட்டு இருக்கலாம்னு..."

"என்னை வச்சு வித்தை காட்டியிருக்கே."

"ஐயோ, அப்படி இல்ல மாமா."

மனிதனுக்குக் கை தளர்ந்தால் அதை அவனிடம் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வராவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அவனுக்குத் தெரியாமல் அவன் வீரத்தை அளந்து நிரப்பிக் கொடுப்பது, குழந்தை ஜெயிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்து விளையாடுவது போல. நான் யாருக்கும் குழந்தை இல்லை.

"உள்ளே போ. ஆறு தோட்டா, முழு அளவு. இப்பவே நிரப்பு. நாங்க பார்க்கிறோம்" என்றேன்.

அந்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். எல்லோரும் நின்று பார்த்தோம். அவன் தராசில் மருந்தைக் கொட்டினான். இரண்டு முறை சிந்திவிட்டு மறுபடி நிறுத்தான். "பாவம், இப்ப பத்தியம் பையனுக்கு" என்றார் விஜயபாஸ்கர். ஆறையும் தட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். நான் ரிவால்வரின் உருளையைத் திறந்து நீட்டினேன்.

"நீயே போடு. ஒண்ணொண்ணா."

"மாமா, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன். ரெண்டு போதும். ரெண்டு சுட்டாலே இவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"போடு."

போட்டான். ஒவ்வொன்றைப் போடும்போதும் என் முகத்தைப் பார்த்தான். நான் ஆறாவது உள்ளே போகும்வரை அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தோட்டாவிலேயே தோள்வரை அதிர்ந்தது. இரண்டாவதில் கண்ணில் நீர் கட்டியது. நான்காவதில் மணிக்கட்டுக்குள் ஏதோ காய்ந்த குச்சி முறிந்தது போல உணர்ந்தேன். காதுக் கவசத்தையும் மீறி அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. "பாபா, பஸ்" என்று முஆத் முன்னால் வந்தார். போதும் என்கிறார். இடது கைக்கு மாற்றிக்கொண்டு மிச்சம் இரண்டையும் சுட்டேன். இலக்கு அட்டையில் பட்டதா என்று தெரியாது. ரிவால்வரை மேசையில் வைத்தேன், கீழே போடவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. விஜயபாஸ்கர் மட்டும், "சரி பெரியவரே, ஒத்துக்கிட்டேன், கையைக் காட்டுங்க" என்றார்.  முஆத்திடம் திரும்பினேன்.

"இந்தப் பையனை நீங்க இனி வச்சிருக்கக் கூடாது."

முஆத்துக்கு வருத்தம். சின்னப் பையன், அன்பினால் செய்துவிட்டான், விட்டுவிடுங்கள் பாபா என்று இந்தியில் சொன்னார். அவன் வேலையில் இதுவரை ஒரு குறை இல்லை என்றும் சொன்னார். அது உண்மைதான்.

"இன்னைக்கு உங்ககிட்ட சொல்லாம குறைச்சான்" என்றேன். "நாளைக்கு யாருக்காவது சொல்லாம கூட்டினா? ஒருத்தன் முகத்துல துப்பாக்கி வெடிச்சா, வாசல்ல இருக்கிற உங்க அப்பா பேரு என்ன ஆகும்?"

அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பா பேரைச் சொன்னால் முஆத்தால் மறுக்க முடியாது என்பதும் தெரியும். அவர் சிறிது நேரம் மணிமாறனைப் பார்த்தார். பிறகு, "கல்லாஸ்" என்றார். முடிந்தது. வேலை போனால் விசாவும் போகும். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மணிமாறன் கழற்றி மேசையில் வைத்தான்.

என் காரை அவன்தான் ஓட்டினான். எப்போதும் முன் இருக்கையில் அவன் பக்கத்தில் உட்காருவேன். அன்று பின்னால் உட்கார்ந்தேன். கை பூசணிப் பிஞ்சு போல வீங்கியிருந்தது. எமிரேட்ஸ் சாலையில் ஏறியதும் அவன் பேசினான்.

"வேலை போனா போகட்டும் மாமா. ஊர்ல ஏதாவது பார்த்துக்குவேன். அம்மாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

நான் சாலையைப் பார்த்தேன்.

"கல்யாணத் தேதியை மட்டும் மாத்தாதீங்க."

"என் கை ஆடுறது உனக்கு எப்படித் தெரியும்? மன்றத்துல நான் ஆடவிட்டதே இல்லையே. ஜோதி சொன்னாளா?"

கண்ணாடியில் அவன் கண்கள் ஒருமுறை என்னைப் பார்த்துத் தாழ்ந்தன. "நானேதான் பார்த்தேன்" என்றான்.

மருத்துவமனையில் சுகந்தா என்று ஒரு நர்ஸ். யாழ்ப்பாணத்துப் பெண். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது, இழுத்து வைத்துத்தான் கட்ட வேண்டும் என்றாள்.

"ஐயா, உங்களோட வந்தவர் ஆர்? மகனோ?"

"டிரைவர்" என்றேன்.

மணிமாறன் என் பின்னால்தான் நின்றான். சுகந்தா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஓம், டிரைவர்தான்" என்று அவள் பேச்சிலேயே சொன்னான். பிறகு வாசலுக்குப் போய்விட்டான்.

உள்ளே படுக்க வைத்தார்கள். சட்டைப் பையில் போன் அடித்தது. என்னால் எடுக்க முடியவில்லை. சுகந்தா எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் தலைமாட்டில் வைத்தாள். ஜோதி.

"அப்பா, எந்த ஹாஸ்பிட்டல்? வாட்ஸப்ல நீங்க சுட்ட வீடியோ வந்திருக்கு. மாறன் போனை எடுக்கவே மாட்டேங்கிறான். ஏம்பா இப்படிப் பண்ணீங்க?"

"அவன்கிட்ட என் கையைப் பத்திச் சொன்னது நீதானே?"



"நான்தான். நான்தான் கெஞ்சினேன். அவன் முடியாதுன்னு சொன்னான்பா. மாமாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாருன்னு எத்தனையோ தடவை சொன்னான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

"அத்தைக்குப் போன் போடு. கல்யாணம் இல்லைன்னு சொல்லு."

"நானா?"

"நீதான். உன் வாயாலதானே தொடங்குச்சு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "யாரு இருக்கா உங்ககூட?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லை."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

சுகந்தா போனை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் முகம் மாறியிருந்தது. இருந்தும் குரலில் காட்டிக்கொள்ளவில்லை. "இழுக்கேக்க நல்லா நோகும் ஐயா. ஆராவது தோளைப் பிடிச்சுக்கொண்டா நல்லம். வெளியில நிக்கிறவரைக் கூப்பிடட்டே?"

கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். மணிமாறன் உட்காராமல் நின்றிருந்தான். கையில் என் மூக்குக் கண்ணாடியும் தண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தான்.

"வேண்டாம்" என்றேன். "அவன்கிட்ட கார் சாவியை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்கம்மா."