முத்து போட்ட மரம்

என் அண்ணி அம்சாவுக்கு மரத்தோடு பேசும் பழக்கம் உண்டு. பேச்சென்ன, சண்டை. "தோ, இன்னும் பெருக்கி முடிக்கல, மறுபடி கொட்டிட்டியா? உன்னோட ஒரே பேஜாரு!" என்று விடியற்காலையில் விளக்குமாறும் கையுமாகக் கத்துவாள். அது என் அண்ணன் உலகநாதன் கல்யாணமான வருஷம் வாசலில் வைத்த வேம்பு. அண்ணன் மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டினான். ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்றான். செங்கல்பட்டு போகும் வழியிலேயே போய்விட்டான். பிள்ளையும் இல்லை. அப்புறம் அண்ணிக்கு அந்த மரம்தான் 'அவரு'. அவளைப் பைத்தியம் என்று சொன்ன ஒருத்தியைக் குழாயடியிலேயே வைத்து நாறடித்தேன். அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் நான், சும்மா விடுவேனா?

போன ஆடியில் மரத்தின் இளங்கிளைகளில் சின்னச் சின்னதாகக் கொப்புளம் கிளம்பியது. கூழ் ஊற்றுகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டு தெய்வநாயகி அக்கா அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அடியே அம்சா, முத்து போட்டுகீதுடி! ஆத்தா உன் வூட்டு மரத்துல எறங்கிகீறா!"

அம்மை கண்டால் எங்கள் பக்கம் யாரும் கொப்புளம் என்று சொல்வதில்லை. முத்து என்போம். அவ்வளவுதான், மரத்துக்கு மஞ்சள் புடவை கட்டியாயிற்று. கூழ் குடிக்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் முத்து இருக்கும் கொத்தாகப் பார்த்துக் கேட்டார்கள், வாசலில் கட்ட. அண்ணி ஒவ்வொரு கொத்துக்கும் மஞ்சள் நூல் சுற்றி, அவிழாமல் இருக்க இரட்டை முடிச்சு போட்டுக் கொடுத்தாள். அண்ணன் போனதிலிருந்து ஒரு நல்ல காரியத்திலும் அவளை முன்னால் நிற்கவிடாத ஜனம், அன்றைக்கு அவள் கையால் வாங்க முண்டியடித்தது. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

ஆடி முடிந்ததும் மரம் கருக ஆரம்பித்தது. ஆத்தா வந்த மரம் ஏன் காய்கிறது என்று கேட்டால், "தண்ணி ஊத்தலையா?" என்கிறாள் தெய்வநாயகி அக்கா. வாயில் நன்றாக வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அண்ணி போனை எடுத்தாள். எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை மரக்காவல் என்று ஒரு கூட்டத்தார் வந்து எல்லார் போனிலும் ஓர் ஆப் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். மரத்தில் புதிதாக எதைக் கண்டாலும் போட்டோ போடுங்கள், வெளியூர்ப் பூச்சி பரவுமுன்னே பிடித்துவிடலாம் என்றார்கள். நாங்கள் யாரும் அதைத் திறக்கக்கூட இல்லை. அண்ணிதான் போட்டோ போட்டாள், மருந்து சொல்வார்கள் என்று நம்பி.

அணுபுரத்திலிருந்து ஜோயல் என்ற தன்னார்வலர் வந்து ஒரு கொத்தைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் திரும்பி வந்தபோது அவர் முகமே சரியில்லை.

"அக்கா, இது நம்ம நாட்டுப் பூச்சியே இல்ல. எங்களுக்குத் தெரிஞ்சு இந்த மாவட்டத்துல மொத மரம் இதான். நீங்க போட்டோ போடலன்னா தெரிஞ்சே இருக்காது."

"செரிப்பா, மருந்து இன்னா?"

"மருந்து இல்லக்கா. வெட்டி இங்கயே எரிச்சிடணும். இப்ப எரிச்சா இதோட போயிடும்."

அண்ணி போய் மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அவரே மெதுவாகக் கேட்டார்: "இந்தக் கட்டிக்குள்ளதான் பூச்சி கீது. கட்டி வந்த கெளை எதுனா வெளிய போச்சா? வெறகுக்கு, ஆட்டுக்குத் தழைன்னு?"

"ஒரு குச்சி கூடப் போவலப்பா."

நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. விறகும் போகவில்லை, தழையும் போகவில்லை. ஆத்தாவைப் பற்றி அவர் கேட்கவே இல்லையே!

வேண்டாம் அண்ணி என்று அழுதது நான்தான். அவள் அழவில்லை. "ஊர்ல கீற மரமெல்லாம் பொழைக்கும்னா இவரு ஒருத்தரு போவட்டும்டி. அவரு இருந்தாலும் அத்தான் சொல்லுவாரு" என்றாள். மஞ்சள் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டாள். மரத்தை வெட்டி வாசலிலேயே எரித்தார்கள். மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாள், பெருக்க ஒன்றுமில்லாத வாசலில்.

ஆத்தாவையே எரித்தவள் என்று ஊர் திட்டியது. தெய்வநாயகி அக்கா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "பேசிகினு போவட்டும், அவங்க வூட்டு மரம் நல்லாத்தானே கீது" என்பாள் அண்ணி. அந்த ஒரு ஆறுதலில்தான் அவள் சோறு தின்றாள்.

ஐப்பசி மழையில் ஜோயல் ஒரு படம் அனுப்பினார். பூஞ்சேரியிலிருந்து ஜாக்குலின் என்ற பெண் ஆப்பில் போட்டதாம். அதே பூச்சி, அங்கே எப்படிப் போனதென்று புரியவில்லை என்று எழுதியிருந்தார். வேப்பமரம், கிளையெல்லாம் கொப்புளம். பின்னால் தெரிந்த வீடு எங்கள் சித்தப்பா மகன் மணியுடையது. அண்ணி விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். நிலைப்படியில் காய்ந்துபோன ஒரு கொத்து. மஞ்சள் நூல். இரட்டை முடிச்சு.

"அன்பரசி, அந்தத் தம்பி கட்டின்னுதானே கேட்டாரு? இது முத்துதானே?" என்றாள்.

அவளே ஜோயலைக் கூப்பிட்டாள். "வெளிய போச்சுப்பா. சொல்றேன், எழுதிக்கோ" என்று ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். எல்லா வீட்டு வாசலிலும் வேம்பு உண்டு. சொல்லி முடித்துப் போனை வைத்த பிறகுதான் உடைந்தாள்.

"ஊரு மரம் பொழைக்கட்டும்னு அவர வெட்னனேடி. அதுக்கு முன்னாலயே வூடு வூடா நானே குடுத்தனுப்பிச்சிகீறேனே. அவுந்துடக் கூடாதுன்னு ரெண்டு முடிச்சு வேற போட்டு."