தக்கலைத் திருப்பம்

வில்லுக்குறிக் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து, கை கழுவின ஈரம் காயுமுன்னே ஞானையன் ஆரம்பித்துவிட்டார். மார்த்தாண்டத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் அவருக்கு. சந்தையில் கத்திப் பழகிய குரல், தாழ்த்தத் தெரியாது.

“மருமவனே, எனக்க மவ இன்னைக்கு என்கூட வாறா. அந்த வண்டிய வித்துத் தொலச்சுட்டு நீரு எனக்க கடைக்கு வாரும். அன்னைக்கு இவள அனுப்புதேன்.”

கண்டக்டர் வேலையை உதறிவிட்டுப் பழைய கார் ஒன்றை வாங்கி டாக்ஸி ஓட்டுகிறவன் மருமகன் டைட்டஸ். கடற்கரையில் கடியப்பட்டணத்துப் பக்கம் வாடகை வீடு. கல்யாணமாகி வருடம் திரும்பவில்லை. வண்டி அடிக்கடி வழியில் படுத்துக்கொள்ளும்தான், இல்லையென்று யார் சொன்னது? அதற்காகப் பெண்டாட்டியைப் பிடுங்கிக்கொண்டு போவார்களா? தேவகனியைப் பார்த்தான். அவள் குனிந்து பந்திப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். போகிறாயா, இருக்கிறாயா என்று அவளை ஒரு ஆள் கேட்கவில்லை. டைட்டஸும்தான் கேட்கவில்லை. என்ன சொல்லிவிடுவாளோ என்று பயம்.

இதில் கூத்து என்னவென்றால், மேற்கே மார்த்தாண்டம் போகிற கடைசி பஸ் போய்விட்டது. எந்த வண்டியை விற்கச் சொன்னாரோ, அதே வண்டியில்தான் மாமனார் மகளைக் கூட்டிப்போக வேண்டும். ஓட்டவேண்டியவன் மருமகன்.

“தக்கலையில தெக்க திரும்பினா ஒமக்க வீடு. திரும்பாண்டாம். நேரே எனக்க வீட்டுல கொண்டு விடும். வாக்கு தாரும்” என்றார். பாவி, தலையை ஆட்டிவிட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரத்திலேயே ஸ்டியரிங் இடது பக்கமாக இழுக்கத் தொடங்கியது. நேராக வைப்பதற்குள் டைட்டஸின் தோள்பட்டை இற்றுப்போயிற்று. சில நாளாகவே இந்தத் தொல்லைதான். ஸ்டியரிங் பெட்டியில் எண்ணெய் விட்டான், மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடைத்தான், ஊஹும். விளக்கும் சரியில்லை. வலது விளக்கு செத்துப்போய் வெகுநாள். இருக்கிற இடது விளக்கு ரோட்டை விட்டுவிட்டுச் சக்கரத்தடியையே பார்த்தது. நேற்றுத்தான் அதன் நட்டைத் தளர்த்தி, முகத்தை மேலே தூக்கி, ஓங்கி ஓங்கி இறுக்கியிருந்தான்.

“என்ன வே, மாடு முரண்டு பிடிக்கா?” என்று பின்னாலிருந்து மாமனார் கேட்டார்.

ஓரங்கட்டி இறங்கினான். முன்பக்க இடது டயரைக் காலால் மிதித்தான். பொதுக்கென்று அமுங்கியது. ச்சீ! கண் முன்னால் இருந்ததைப் பார்க்காமல் வண்டி முழுக்கக் கிரீஸ் பூசியிருக்கிறான். டயர் சிறுகச் சிறுகக் காற்றுப் போய் அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. ஸ்டியரிங் இழுத்ததும் அதனால்தான், விளக்கு குனிந்ததும் அதனால்தான்.

பம்பைக் கையில் எடுத்தவன் ஒரு நிமிஷம் நின்றான். டயர் போச்சு, வண்டி நகராது என்று சொல்லிவிட்டால் இன்றைக்குத் தேவகனி போகமாட்டாள். ஆனால் மாமனார் வண்டியைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி என்றாகிவிடும். இந்த வண்டியை நன்றாக ஓட்டிக்காட்டினால்தான் மானம். ஓட்டிக்காட்டினால் வீடு காலி. பல்லைக் கடித்துக்கொண்டு காற்றடித்தான்.

ஸ்டியரிங் இப்போது சொன்னபடி கேட்டது. விளக்குத்தான் தென்னை உச்சிக்கு ஏறிவிட்டது. தாழ்ந்த வண்டிக்கு என்று தூக்கிவைத்த விளக்கு, வண்டி நிமிர்ந்ததும் எங்கே பார்க்கும்? இறங்கிச் சரிசெய்யலாம் என்று நினைப்பதற்குள் வளைவிலிருந்து சர்க்கார் பஸ் வந்துவிட்டது. வெளிச்சம் நேரே அதன் டிரைவர் கண்ணில் அடிக்க, பஸ் தடுமாறி இவர்கள் பக்கமே வந்தது.

“கர்த்தாவே!” என்று ஞானையன் அலறினார்.

டைட்டஸ் ஒடித்துத் திருப்பினான். சக்கரம் கால்வாய்க் கரையில் ஏறி, மண் சரிந்து, அங்கேயே நின்றது. பஸ் உரசாமல் போய்விட்டது. “லேய், லைட்ட எங்க அடிக்கிய? நாங்க சாவாண்டாமா?” என்று டிரைவர் கத்தியது மட்டும் கேட்டது.

டைட்டஸ் வண்டியைப் பின்னால் எடுத்து ரோட்டில் நிறுத்தி இறங்கினான். விளக்கின் நட்டைத் தளர்த்தி முகத்தைத் தாழ்த்தினான். மறுபடி இறுக்கினால் நட்டு சும்மா சுற்றியது. நேற்று இறுக்கின இறுக்கில் மரை போய்விட்டிருக்கிறது. கையை எடுத்ததும் விளக்கு தலையைத் தொங்கப்போட்டது.

தேவகனி இறங்கி வந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு இடது மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். பம்பரில் கால் ஊன்றி, விளக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“ஏட்டி, கோட்டி பிடிச்சிட்டா? உள்ள கேறு!” என்று ஞானையன் கத்தினார்.

“நடுரோட்டுல கெடக்கவா? நான் பிடிக்கேன். வண்டிய எடுங்க.”

அன்று ஓட்டியதுபோல் டைட்டஸ் அதற்கு முன் ஒருநாளும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் வந்தது. அவள் தவறினால் அந்தச் சக்கரம்தான் முதலில் ஏறும். அவளும் குழியைக் கண்டால் வெளிச்சத்தைத் தாழ்த்தினாள், வண்டி எதிரே வந்தால் ஓரத்துக்குத் தள்ளினாள். இவ்வளவு பதனமாக அவளை எங்கே கொண்டுபோகிறேன் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

தக்கலை வந்தது.

“நேரே” என்றார் ஞானையன்.

கொடுத்த வாக்கு. டைட்டஸ் ஸ்டியரிங்கை நேராகவே பிடித்திருந்தான். ஆனால் முன்னால் ரோடு இல்லை, இருட்டுத்தான் இருந்தது. வெளிச்சம் இடது பக்கம் போய், தெற்கே கடற்கரைக்குப் பிரிகிற பாதையில் விழுந்திருந்தது. கை நழுவிவிட்டதோ என்று பதறி பிரேக்கை மிதித்தான்.

“தேவகனி, நேரா பிடி.”

“நேராத்தான் பிடிச்சிருக்கேன்” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. “அப்பாவுக்கு மார்த்தாண்டம் போவ விடியக்காலம் பஸ் உண்டு. ராத்திரி நம்ம வீட்டுல கெடக்கட்டு. நீங்க திருப்புங்க.”

டைட்டஸ் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே இருந்தான். பின் சீட்டில் இடி விழும் என்று காத்திருந்தான். அந்த மனிதரிடம் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில் ஞானையன் சொன்னார்:

“பைய திருப்பும், வே. எனக்க பிள்ள முன்னால இருக்கு.”