குடித்த அடையாளம்

"குடிச்சிடுச்சுங்க. நாலு காம்பும் ஈரமா பளபளன்னு இருக்கு" என்று காலை ஏழு மணிக்குக் கணவனிடம் கைப்பேசியில் சொன்னவள், பத்தரை மணிக்கு மூன்றாவது முறையாக வேலியருகே வந்து நின்றாள். துவைத்த துணியில் பாதி கொடியில் கிடந்தது, மீதி வாளியிலேயே இருந்தது. வீட்டுக்குள் கால் தங்கவில்லை.

ஐந்து மணிக்குப் பிறந்த கன்று தாயின் முன்னங்கால் முட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. பிறகு கழுத்துத் தொங்கலை. பிறகு ஒன்றுமில்லாத காற்றை. மடிக்குக் கீழே மட்டும் அதன் வாய் போகவில்லை. இவள் குனிந்து பார்த்தாள். காம்புகள் காய்ந்து மங்கலாக இருந்தன. நுனியில் மெழுகு போன்ற அடைப்பு அப்படியே இருந்தது. இந்த ஈற்றில் இன்னும் கன்று வாய் வைக்காத காம்பு அது. அப்படியானால் காலையில் அந்த ஈரம்? விடியலில் தூறியதும், வீடு திரும்பி வாசலில் தன் கால்சட்டையின் அடிப்பகுதியைப் பிழிந்து விட்டதும் நினைவுக்கு வந்தன. ஈரப்புல்லில் படுத்து எழுந்த மாடு. புல்லைக் கூட்டிப் பெருக்குகிற மாதிரி தொங்கும் மடி. அடிப்பாவி, புல் நனைத்ததைக் கன்று நனைத்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

இது கறிக்கு வளர்க்கும் மந்தை. இங்கே யாரும் பால் கறப்பதில்லை. தாயின் பால் முழுவதும் கன்றுக்குத்தான். கன்றால் பிடிக்க முடியாத மடி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். இந்த மாட்டுக்கு இது எட்டாவது ஈற்று. பின்காம்புகள் இரண்டும் சுரைக்காய்போல வீங்கியிருந்தன. போன வருஷமே மடி இறங்கிவிட்டது, அனுப்பிவிடலாம் என்று கணவன் சொன்னான். "இன்னும் ஒரு ஈத்து பாக்கலாம், என் பேச்சுக்காக" என்று இவள்தான் தடுத்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த மந்தையில் இவள் பேச்சுக்காக நடந்த ஒரே காரியம் அதுதான்.

கன்றின் வாய்க்குள் விரலை விட்டாள். சில்லென்று இருந்தது. நாக்கு விரலைப் பிடித்தது, உடனே விட்டுவிட்டது. முதல் ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். அதற்குப் பிறகு குடிப்பது வயிற்றை நிரப்பும், உயிரைக் காக்குமா என்பது சந்தேகம்தான். இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. இருந்தும் அவளுக்குக் கைப்பேசியை எடுக்க மனமில்லை. தானே சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும். மாட்டை மூலையில் ஒதுக்கிக் காம்பில் கை வைத்தாள். அதுவரை மனிதக் கை படாத மடி அது. உதை முழங்கையில் சுளீரென்று விழுந்தது.

கையைப் பிடித்துக்கொண்டே அழைத்தாள். "நான் காலைல சொன்னது தப்புங்க. அது குடிக்கல."

மறுமுனையில் சுத்தியல் சத்தம் நின்றது. "வர்றேன்" என்றான், அவ்வளவுதான்.

வந்தவன் ஏசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மாட்டை ஒடுங்கிய பாதையில் ஓட்டி, கழுத்தை இரும்புச் சட்டத்தில் பூட்டினான். மறுபக்கம் நின்று, அது உதைக்காமலிருக்க வாலை நிமிர்த்திப் பிடித்தான். "ம், ஆரம்பிங்க மேடம். உங்க மாடு."

"உதைச்சா?"

"உன்னைத்தானே உதைக்கும். எனக்கென்ன."

வெந்நீரில் துடைத்துக் காம்பை அழுத்தினாள். மஞ்சளாய், கெட்டியாய்ச் சீம்பால் பீய்ச்சியடித்தது. காம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது.

மாட்டின் முதுகுக்கு அப்பாலிருந்து அவன் குரல் வந்தது. "எட்டு மணிக்கு இந்தப் பக்கமாத்தான் போனேன். அப்பவே முட்டியச் சப்பிக்கிட்டு நின்னுச்சு."

அவள் கை நின்றது. "பாத்துட்டுமா போனீங்க?"

"நீ குடிச்சிடுச்சுன்னு சொல்லிட்டியே."

அது நம்பிக்கையா, இல்லை படட்டும் என்று விட்டதா? குரலில் எதுவும் பிடிபடவில்லை. முகத்தைப் பார்க்கலாம் என்றால் நடுவே மாடு. வயிற்றுக்குக் கீழே அவன் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. ஒரு கால் இன்னொரு கால்மீது சேற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

கேட்க நேரமில்லை. கன்றை இரு முழங்கால்களுக்கிடையே இடுக்கி, தாடையைத் திறந்து காம்பை வைத்தாள். நழுவியது. மறுபடி வைத்தாள். வாய் மூடியது. பால் இறங்கினால் ஆடும் கன்றின் வாலில் அசைவில்லை.

"என்னடி ஆச்சு? சொல்லேன்."

அவள் கன்றின் தொண்டைக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைத்து, விழுங்குகிறதா என்று காத்திருந்தாள். தோலுக்கடியில் ஏதோ ஒன்று ஏறியது, நின்றது. பூட்டிய கழுத்தைத் திருப்ப முடியாமல் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரிய, தாய் கன்று இருக்கும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தது.