அவன் வாயில் எங்கள் வார்த்தைகள்

மூன்று நாளில் நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தை இடிக்கிறார்களாம், காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மத்ரீத்தில் இதுவரை பதினொரு வீடு பார்த்தாயிற்று. ஹிதானோ, அதாவது ஸ்பெயின் ஜிப்ஸி, என்று தெரிந்ததும் எல்லா வீட்டுக்கும் வேறு ஆள் வந்துவிடுகிறது, என்ன மாயமோ! அதனால் பன்னிரண்டாவது வீட்டுக்கு நீளப் பாவாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜீன்ஸில் போனேன். என் புருஷன் ரூஃபினோ தங்கச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தான். ஹிமேனெஸ் என்ற எங்கள் குடும்பப் பெயர் மற்றவர்களுக்கும் உண்டு, காகிதம் காட்டிக்கொடுக்காது.

வீட்டுக்காரன் ஆல்வாரோவுக்கு முப்பது வயதிருக்கும். வாய் ஓயவில்லை.

"இந்த ஏரியா மோலா! கூர்ரோவுக்குப் போக மெட்ரோ பக்கத்துலயே இருக்கு. உங்க சாவால்ங்க ஓடி விளையாட பார்க்கும் இருக்கு."

மோலா என்றால் அருமை, கூர்ரோ வேலை, சாவால் பசங்கள். மூன்றுமே எங்கள் வார்த்தைகள். சிரித்துக்கொண்டே நின்றேன். சாவியை என் கையிலேயே கொடுத்துவிட்டான். அதோடு விட்டிருக்கக் கூடாதா, பாவி!

"எங்க தாத்தா பேசின பேச்சுங்க இது. சுத்தமான மத்ரீத் சரக்கு. வந்தேறிங்க வாயில இதெல்லாம் வராது."

ரூஃபினோ என் காலை மிதித்தான். என் நாக்கில் சனி.

"உங்க தாத்தாவுக்கு அதைக் குடுத்ததே நாங்கதான். இந்தியாவுலேர்ந்து நடந்தே வந்த ஜனம். ஹிதானோங்க."

"அட! பார்த்தா தெரியவே இல்லையே!" அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. "ஐயோ, மறந்தே போச்சு பாருங்க. எங்க அக்கா இந்த வீட்டை வேற யாருக்கோ பேசிட்டா."

கையை நீட்டினான். சாவியை வைத்தேன். மூன்று பிள்ளைகளை இனி எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன்?

"உன் வாயைக் கொஞ்சம் கட்டக்கூடாதாடி?" என்றான் ரூஃபினோ. அவன் கேட்டது நியாயம்தான்.

வாசல் வரை ஆல்வாரோ கூடவே வந்தான்.

"ஆனா இந்த விஷயம் செம சுவாரஸ்யங்க! இன்னும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்."

"லாச்சா."

"அப்படின்னா?"

"வெட்கம். உனக்கு அது துளிகூட இல்ல."

கோபப்படுவான் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தான்.

"எப்படி எழுதணும், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றான்.