நாக்கில் குத்திய வேண்டுதல்

பெங்களூருக்குப் போய் நாக்கில் ஸ்டட் குத்திக்கொண்டு வந்த அஸ்வின், கெலமங்கலம் வீட்டில் முதல் கொட்டாவியிலேயே மாட்டிக்கொண்டான். "முருகனுக்கு வேண்டுதல்மா, அலகு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான். அம்மா சென்னம்மாள் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றோடு வீட்டில் கறி, மீன், முட்டை எல்லாம் நின்றுபோயின.

நாக்கு செத்துப்போன அஸ்வின், ஒருநாள் கம்பெனி கேன்டீனில் திருட்டுத்தனமாகப் பிரியாணியை அள்ளிப் போட்டான். எலும்பென்று நினைத்து ஸ்டட்டையே கடித்துவிட்டான். கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு தெறித்தது.

ஓசூர் பல் டாக்டர் அனிதா டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கத்திலேயே சென்னம்மாளும் எட்டிப் பார்த்தாள்.

"பல்லு மட்டுமில்லம்மா. இந்தக் கம்பி ஓயாம உரசி, கீழ்வரிசையில ஈறு இறங்கிப்போச்சு. கழட்டலைன்னா முன்பல்லு ஆட ஆரம்பிச்சிடும்."

சாமியே டாக்டர் வேஷத்தில் வந்ததுபோல் இருந்தது அஸ்வினுக்கு. ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு மனதில் கொதித்தது.

"வாயிலயே கெடக்கறதாலதான் உரசுதா டாக்டரம்மா?" என்றாள் சென்னம்மாள்.

"ஆமாம்மா."

"அப்ப கழட்டிடுங்க. வேண்டுதலை உட முடியாது. ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு கன்னத்தயும் சேத்து ஆறடி வேலா குத்திக்கட்டும். அதை அன்னிக்கே எடுத்துடுவாங்க. ஈறுக்கு ஒண்ணும் ஆவாது."

உண்மையைச் சொல்லிவிட அஸ்வின் வாயைத் திறந்தான்.

"வாயை அப்படியே தொறந்து வச்சிருங்க" என்று டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டார்.