லாபம், ரெண்டு, மூண்டு

1.

இந்தக் கதை சிட்னியின் பரமட்டா வீதியில், சிவப்பு விளக்குகளில் நின்று நின்று போன ஒரு காருக்குள் எனக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. சிவப்பு விழுந்தால் பேசினார், பச்சை விழுந்தால் நிறுத்தினார். முடித்ததும், "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். எழுதாதே என்று அவர் சொல்லவில்லை. (எழுதுகிறவர்களுடைய நேர்மை இவ்வளவுதான்.)

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். "1977 ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஹோம்புஷ் ஃப்ளாட் ஒன்றின் கராஜில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது." வெட்டிவிட்டேன். ஈயத்தை வெள்ளிக்கிழமையே உருக்கி வார்த்துவிட்டார்கள். அழகுக்காகச் சொன்ன பொய் அது.

"ஒரு தமிழன் கைத்துப்பாக்கி வைத்திருந்தால்" என்று அடுத்தது. அதையும் பாதியில் விட்டேன். இந்த 1979இல் அப்படித் தொடங்கினால் நீங்கள் வேறு எதையோ எதிர்பார்ப்பீர்கள். அரியரத்தினம் கடதாசி வட்டங்களைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை.

மூன்றாவது தொடக்கம் நீங்கள் இப்போது வாசித்தது. இந்தக் கதையில் நானும் வருகிறேன். எந்த இடத்தில் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள்.

2.

அரியரத்தினம் சிட்னியில் கழிவுநீர்க் குழாய்களுக்குப் படம் வரைகிற வேலை பார்த்தார். வந்து மூன்று வருடம். பிளாக்டவுனுக்கு அப்பால் இருந்த துப்பாக்கிச் சங்கத்துக்கு அவரைக் கூட்டிப்போனவன் ரெக்ஸ். அங்கே தலைவன் மாதிரி. பிளாக்டவுனில் இரும்புக் கடைசல் பட்டறை வைத்திருந்தான். முதல் நாலு மாதம் சங்கத்தில் ஒருவரும் அரியரத்தினத்துக்குப் பக்கத்துத் தடத்தில் நின்று சுடவில்லை. அவர் அதைக் கவனியாத மாதிரி இருந்தார். நன்றாகக் கவனித்தார்.

பிறகு அவருடைய தோட்டாக்களைக் கண்டுபிடித்தார்கள். கடைத் தோட்டா விலை. அதனால் சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, உள்ளே வெடிமருந்து அளந்து போட்டு, வாயில் ஈயக்குண்டை இறுக்கி, திரும்பவும் தோட்டாவாக்குவார்கள். எல்லாரும் செய்கிற வேலைதான். அரியரத்தினம் செய்தால் ஆறு தோட்டாவும் ஒரே ஓட்டையில் போகும். "ஹரியின் தோட்டா" என்று பெயர் வந்தது. பெயர் வந்த பிறகுதான் பக்கத்துத் தடத்தில் ஆள் வந்தது. மனுசனுக்கு வராத மதிப்பு ஈயத்துக்கு வந்தது என்று அவரே காரில் சொன்னார்.

(ரெக்ஸின் மேக்னம் ரிவோல்வருக்குத் தோட்டா செய்வது அவர் ஒருவர்தான். வேறு யார் செய்ததையும் அவன் போட மாட்டான். இந்த வரியை மறந்துவிடாதீர்கள்.)

3.

அந்தச் சனிக்கிழமை காலை ரெக்ஸுக்காக ஐம்பது தோட்டா. ஐம்பது துளையுள்ள பலகையில் வெறுங்கோதுகள் நிற்கின்றன. மருந்து அளக்கிற சின்னக் கருவியின் பிடியை ஒருதரம் இழுத்தால் ஒரு கோதுக்கான மருந்து விழும். குசினி மேசையில்தான் இந்த வேலை. மனைவி சத்தியபாமா முணுமுணுத்தபடி அரிசியை அந்தப் பக்கம் தள்ளிவைத்திருந்தாள்.

எண்ணுவது தமிழில். அதிலும் நெல் அளக்கிற மாதிரி. முதல் அளவுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். லாபம், ரெண்டு, மூண்டு. ஒருதரமும் "ஒண்டு" என்று தொடங்கியதில்லை.

முதல் கோதில் பிடியை இழுத்தார். "லாபம்."

போன் அடித்தது.

கொழும்பிலிருந்து ட்ரங்க் கோல். பாமாவின் தம்பி சிறிதரன். தமிழருக்கு எதிரான கலவரத்தில் அவனுடைய அறையை எரித்துவிட்டார்கள், ஒரு பாடசாலையில் அகதியாக இருக்கிறான். மூன்று நிமிடம்.

"அத்தான், அங்க வேலை இருக்கெண்டு கடிதம் ஒண்டு எடுத்து அனுப்புங்கோ. கடிதம் ஒண்டு காணும். இல்லாட்டி நான்..." கோல் அறுந்தது.

பாமா கதிரையில் இருந்து அழுதாள். "ரெக்ஸிட்டைக் கேளுங்கோ. உங்களுக்கு அந்த மனுசன் இல்லையெண்டு சொல்லாது."

"கேக்கிறன். இண்டைக்கே கேக்கிறன்."

மேசைக்குத் திரும்பினார். வேலையை முடித்துக்கொண்டு போனால்தான் கேட்கலாம். முதல் கோதின் மேல் கருவியைப் பிடித்தார். "ஒண்டு" என்றார். ரெண்டு, மூண்டு என்று ஐம்பது வரை போனார்.

மேக்னம் கோது நீளமானது. கடதாசி சுடப் போடும் மருந்து சொற்பம், அடியில் கிடக்கும். இரண்டுதரம் போட்டாலும் வழியாது. அதற்காகத்தான் குண்டை இறுக்குமுன் ரோச் லைற் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்ப்பார். அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எழுதலாம். ஆனால் சறுக்கிவிட்ட கையையும் சொல்ல வேண்டுமே.

பின்னேரம் பெட்டியைக் கொடுத்தார், கடிதத்தைக் கேட்டார். "திங்கள் வா, டைப் அடித்து வைக்கிறேன்" என்றான் ரெக்ஸ். (ரெக்ஸுக்குத் தமிழ் தெரியாது. அவனைத் தமிழில் பேசவைத்தது என் துணிவு.)

4.

ஞாயிறு, இன்னொருவருக்கு இன்னொரு ஐம்பது. "லாபம், ரெண்டு..." கை நின்றது.

நேற்றுப் போனுக்கு முன்னம் லாபம். போனுக்குப் பிறகு ஒண்டிலிருந்து ஐம்பது. ஐம்பது கோதுக்கு ஐம்பத்தொரு தரம் இழுத்திருக்கிறார். ஒன்றில் இரண்டு அளவு. அது வெடித்தால் ரிவோல்வரும் சேர்ந்து வெடிக்கும்.

நிறுத்துப் பார்க்கலாமா? கையால் வார்த்த ஈயக்குண்டுகள் ஒன்றுக்கொன்று எடை கூடிக் குறையும். ஒரு சிட்டிகை மருந்து அதற்குள் ஒளிந்துவிடும். ஐம்பதையும் கழற்றத்தான் வேண்டும். பெட்டியோ ரெக்ஸிடம், அடுத்த ஞாயிறு போட்டிக்கென்று பூட்டி இருக்கிறது.

இந்த இடத்தில் அரியரத்தினத்தை எனக்குப் பிடிக்காமல் போகிறது. ஞாயிறே சொல்லியிருக்கலாம். அவர் போட்ட திட்டம் வேறு: முதலில் கடிதம், பிறகு உண்மை.

திங்கள் பட்டறையில் ரெக்ஸ் கடிதத்தை வாசித்தே காட்டினான். "ஹரியைப் போலக் கவனமான மனிதனை நான் கண்டதில்லை. அவனுடைய மைத்துனனை நேரில் பார்க்காமலே வேலைக்கு எடுப்பேன்." கையெழுத்தை இழுத்து வைத்தான். பெரிய, சாய்ந்த கையெழுத்து.

"என்ன ஹரி, ஏதோ சொல்ல வந்தாய்?"

வாயைத் திறந்தால் கடிதத்தின் முதல் வரியே பொய்யாகிவிடும். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், "நன்றி" என்றார்.

புதன்கிழமை புதுப் பெட்டி ஒன்று செய்து கொண்டுபோனார். "இது இன்னும் திறம். பழசைத் தா."

ரெக்ஸ் சிரித்தான். "உன்னுடையதில் திறம் என்ன, திறமில்லாதது என்ன? இரண்டும் இருக்கட்டும்."

விடாமல் கேட்டால் ஏன் என்பான். அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். வியாழன் கடிதம் தபாலில் போனது. வெள்ளி போனை எடுத்து —

(இந்த வசனத்தை ஏழுதரம் முடித்துப் பார்த்தேன்.)

5.

முடிவு அ: வெள்ளிக்கிழமை அரியரத்தினம் சொல்லிவிடுகிறார். இருவரும் ஐம்பதையும் கழற்றுகிறார்கள். முப்பத்தெட்டாவதில் அகப்படுகிறது. ரெக்ஸ் கைகொடுக்கிறான், கடிதமும் நிற்கிறது. நல்ல முடிவுதான். வாசிக்க எனக்கே வாய் கசக்கிறது.

முடிவு ஆ: சொல்லிவிடுகிறார். ரெக்ஸ் கடிதத்தைத் திருப்பி எடுக்கிறான். சிறிதரன் பாடசாலை வாங்குப் பலகையிலேயே கிடக்கிறான். இதுதான் நியாயமான முடிவு என்று தோன்றியது. நாலு பக்கம் எழுதினேன். பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் இந்த முடிவில் இந்தக் கதையை எழுத ஆள் இல்லை.

சிறிதரன் நான்தான். போனில் பேசிய அந்த மூன்று நிமிடமும் நான். "கடிதம் ஒண்டு" என்று இரண்டுதரம் சொன்ன வாய் என்னுடையது. அவருடைய எண்ணிக்கைக்குள் அந்த "ஒண்டு" என் வாயிலிருந்துதான் விழுந்ததோ என்று நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

முடிவு இ நடந்தது. அவர் சொல்லவில்லை. ஞாயிறு போட்டியில், மூன்றாவது சுற்றில், நாலாவது வெடி. பக்கத்துத் தடத்தில் நின்றவர் அத்தான்.

6.

ரெக்ஸின் பட்டறையில் எனக்கு இது எட்டாவது மாதம். அவனுக்கு வலது கையில் பெருவிரல் இல்லை, சுட்டுவிரலில் பாதி இல்லை. எனக்கு ஸ்பானர் பிடிக்கக் காட்டித்தந்தது இடது கையால். என் சம்பளக் கவரில் என் பெயரைச் சின்னப்பிள்ளை எழுத்தில் எழுதுகிறான். முதல் நாள் தேநீர் இடைவேளையில் நான் அந்தக் கையைப் பார்த்ததைப் பார்த்துவிட்டான்.

"என் பிழை, சிறி. நான் செய்த பழைய தோட்டா ஒன்று எப்படியோ பெட்டிக்குள் கலந்திருக்கிறது. ஹரியினுடையது ஒருநாளும் பிழையாகாது. பாவம், அதற்குப் பிறகு அவன் சங்கத்துக்கே வருவதில்லை. என்னைப் பார்க்கத் தாங்கமாட்டானாக்கும்."

காரில் கேட்டதை வைத்துக்கொண்டே நான் தேநீரைக் குடித்தேன். என்னுடைய வாயும் அத்தானுடைய வாயும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நாளை திங்கள். ஏழரைக்கு அவன் பட்டறைக் கதவை இடது கையால் திறப்பான். "எப்படி இருக்கிறாய்" என்று கேட்பான். முடிவு ஈ அந்த இடத்தில் இருக்கிறது. அதை எழுதும் தைரியம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் இதை ஆங்கிலத்தில் எழுதியிருப்பேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். வேண்டுமென்றுதான் அவனுக்குத் தெரியாத பாஷையில் எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு இரண்டு பாஷையும் தெரியும். பட்டறை பிளாக்டவுன் ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடை, பச்சைத் தகரக் கதவு. முழுப் பெயரும் வேண்டுமென்றால் சொல்கிறேன், அவனுடைய பெயர் ரெக்ஸ் —